பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு என்ன போகிறது? மரபியல் கேள்வி பதில்கள்

தாயின் பண்பும் தந்தையின் பண்பும் பிள்ளையிடம் கலந்துவிடுகின்றனவா?

இல்லை. "நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்கிறோம். "ரத்தத்திலேயே ஊறியது" என்கிறோம். இந்தப் பேச்சுக்குள் ஒளிந்திருப்பது பாலும் தண்ணீரும் கலப்பது போன்ற எண்ணம். கலந்த பாலைத் திரும்பப் பிரிக்க முடியாது. ஆனால் தாத்தாவிடம் இருந்து, அப்பாவிடம் காணாமல் போய், பேரனிடம் அப்படியே திரும்பி வரும் பண்புகள் உண்டு. கலப்பு நடந்திருந்தால் அது நடக்காது.

கிரிகோர் மெண்டல் என்ற துறவி இதைக் கணக்காகவே காட்டினார். இன்று செக் குடியரசில் உள்ள ப்ருனோ நகரின் புனித தாமஸ் மடத்தில், 1856 முதல் 1863 வரை, ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பார்த்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் சேர்த்தபோது முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. அவற்றைத் தன் மகரந்தச்சேர்க்கைக்கு விட்டதும் கிடைத்த 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை, அதாவது ஏறத்தாழ 3:1. சுருங்கியவை பாதிச் சுருக்கம் கொண்டவை இல்லை. பாட்டன் செடியின் விதை அளவுக்கே சுருங்கியிருந்தன. அந்தப் பண்பு ஒரு தலைமுறை மறைந்திருந்ததே தவிர, கரையவில்லை.

ஒவ்வொரு பண்புக்கும் ஓர் உயிரிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. முட்டையோ விந்தோ மகரந்தமோ உருவாகும்போது இரண்டில் ஒன்று மட்டும் அதில் போகும். எது போகும் என்பது நாணயம் சுண்டுவது போல. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரே விதியிலிருந்து கிளைத்தவை.

மரபணு, அல்லீல், குரோமோசோம்: மூன்றும் ஒன்றா?

குரோமோசோம் என்பது நீண்ட டிஎன்ஏ இழை. மரபணு அந்த இழையில் ஒரு குறிப்பிட்ட இடத்துப் பகுதி. அல்லீல் என்பது அதே இடத்தில் இருக்கக்கூடிய மாற்று வடிவம். மனிதருக்கு 23 ஜோடிக் குரோமோசோம்கள், நெல்லுக்கு 12, பட்டாணிக்கு 7. "எனக்கு அந்த மரபணு இல்லை" என்று பலர் சொல்வது தவறு. மரபணு எல்லோருக்கும் இருக்கிறது, வேறுபடுவது அதன் வடிவம்தான்.

ஓங்கு பண்பு என்றால் பலமானது, ஒடுங்கு பண்பு என்றால் பலவீனமானது என்று பொருளா?

இல்லை. ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிவது ஓங்கு பண்பு, இரு பிரதியும் இருந்தால்தான் தெரிவது ஒடுங்கு பண்பு. பள்ளிப் பாடத்தில் மிகவும் தவறாகப் பதிந்துபோகும் இடம் இது. ஓங்கு அல்லீல் மற்றொன்றை அடக்கி உட்காரவைப்பதில்லை.

பட்டாணியின் சுருக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் காரணம் 1990இல் தெளிவானது. மாவுச்சத்தின் கிளைகளை உருவாக்கும் நொதி ஒன்றின் மரபணுவுக்குள் சுமார் 800 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு செருகிக்கொண்டுள்ளது. அதனால் வேலை செய்யும் நொதி உருவாவதில்லை. மாவுச்சத்து குறைகிறது, விதையில் சர்க்கரை தேங்குகிறது. சர்க்கரை தண்ணீரை இழுப்பதால் பச்சை விதை பெரிதாக ஊதிக்கொள்கிறது. காயும்போது அந்தத் தண்ணீர் வெளியேற, தோல் மட்டும் பெரிதாக நின்று சுருங்குகிறது. நல்ல பிரதி ஒன்று இருந்தால் போதும், தேவையான நொதி கிடைத்துவிடும், விதை உருண்டையாகிவிடும். உருண்டை "ஓங்கு" ஆனதற்குக் காரணம் இவ்வளவுதான். அந்தக் கலப்பு விதையின் மாவுத் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தால் அவை இரு பெற்றோருக்கும் இடைப்பட்ட வடிவில் இருக்கும். ஆக, ஓங்குவது எது என்பது நாம் எந்த மட்டத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஓங்கு பண்புதான் அதிகம் பேரிடம் இருக்கும் என்பதும் தவறு. ஆறாவது விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகவே வருகிறது, ஆனாலும் அரிது. ஓ ரத்த வகை ஒடுங்கு பண்பு. ஆனால் தமிழ்நாட்டில் அதுதான் அதிகம்.

3:1 என்றால் நான்கு பிள்ளைகளில் ஒருவருக்குக் கட்டாயம் வருமா?

வராமலும் போகலாம், இருவருக்கும் வரலாம். ஒவ்வொரு பிறப்பும் புதிய சுண்டல். முந்தைய பிள்ளைக்கு என்ன விழுந்தது என்பது அடுத்ததற்குத் தெரியாது. இருவருமே ஒடுங்கு அல்லீலைச் சுமக்கும் பெற்றோருக்கு நான்கு பிள்ளைகள் என்றால், நால்வருக்கும் அந்தப் பண்பு வராமலிருக்க வாய்ப்பு 31.6 சதவீதம், சரியாக ஒருவருக்கு மட்டும் வர 42.2 சதவீதம். "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்குப் பயமில்லை" என்று நம்புவது ஆபத்தான கணக்கு.

செடியில் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம். ஒடுங்கு பண்புள்ள ஒரு செடியாவது கண்ணில் பட வேண்டும் என்றால், 95 சதவீத நிச்சயத்துக்கு 11 செடி வளர்க்க வேண்டும். 99 சதவீதத்துக்கு 17 வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஒடுங்கு பண்புகள் ஒரே செடியில் சேர்ந்து வர வேண்டுமானால் 95 சதவீதத்துக்கே 47 செடி. தொட்டியில் ஐந்து செடி வைத்துவிட்டு "மெண்டல் சொன்னது வரவில்லை" என்று சொல்வோர் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையில்தான் தவறுகிறார்கள்.

மெண்டலே இந்தப் பள்ளத்தில் ஓரளவு கால் வைத்தவர். ஓங்கு பண்புச் செடி தூயதா (இரு பிரதியும் ஒரே வடிவம்), கலப்பா (இரண்டும் வேறு வடிவம்) என்று சில பண்புகளில் பத்துப் பத்துச் சந்ததிகளை வைத்துச் சோதித்தார். கலப்புச் செடி ஒன்று பத்திலும் ஓங்கு பண்பையே காட்டித் தப்பிக்க 5.6 சதவீத வாய்ப்பு உண்டு. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1936இல் இதைச் சுட்டிக்காட்டினார்.

வீட்டிலேயே செய்து பார்க்க எந்தச் செடி வசதி?

அந்திமந்தாரை. பட்டாணி நம் சமவெளி வெயிலுக்கு ஒத்துவராது. அந்திமந்தாரை குப்பை மேட்டிலும் வரும். சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் முதல் தலைமுறை இளஞ்சிவப்பு. கண்ணால் பார்த்தே மரபணு ஆக்கத்தைச் சொல்லிவிடலாம் என்பது இதன் பெரிய வசதி. மெண்டலின் முடிவை 1900இல் மீண்டும் கண்டவர்களில் ஒருவரான கார்ல் காரென்ஸ் ஆராய்ந்த செடியும் இதுதான். மஞ்சளும் கோடு போட்ட பூவும் வேண்டாம். அவற்றின் நிறக் கணக்கில் வேறு மரபணுக்களும் நுழைகின்றன.

முதலில் பெற்றோர் தூயவையா என்று பாருங்கள். சிவப்புச் செடியின் மொட்டுகளை மெல்லிய துணிப்பையால் மூடி, தானே காய்க்க விட்டு, அந்த விதையில் 17 செடி வளர்க்க வேண்டும். ஒன்றாவது வேறு நிறத்தில் பூத்தால் அந்த வரிசையைக் கைவிடுங்கள். வெள்ளைக்கும் இப்படியே. இதற்கே ஒரு பருவம் போகும். பலர் இதைத் தவிர்த்துவிட்டுப் பிறகு புரியாத நிறங்களைப் பார்த்துத் தவிக்கிறார்கள்.

கலப்பு செய்யும் நாளில், பிற்பகல் இரண்டு மணிவாக்கில், அன்று மாலை விரியப்போகும் பருத்த மொட்டாகத் தேர்ந்தெடுங்கள். குழலைக் குண்டூசியால் மெல்லக் கீறி, உள்ளே இருக்கும் மகரந்தத்தாள்களை, பெரும்பாலும் ஐந்து இருக்கும், சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். நடுவில் உள்ள சூல்தண்டு ஒடிந்தால் அந்தப் பூ வீண். உடனே பையால் மூடுங்கள். மாலை பூ விரிந்ததும், மூடி வைத்த வெள்ளைப் பூவிலிருந்து மகரந்தப்பை ஒன்றை எடுத்துச் சூல்முடிக் குமிழில் தடவி, மறுபடி மூடி, காம்பில் நூல் கட்டித் தேதி எழுதுங்கள். ஒரு பூவுக்கு ஒரே விதை. அதனால் 40 விதை வேண்டுமென்றால் 40 பூவில் இந்த வேலை. காய் கறுத்ததும் தானே உதிர்ந்துவிடும், பை இல்லாவிட்டால் மண்ணில் தேட வேண்டியதுதான். விதையும் கிழங்கும் நஞ்சு. மிளகு போலவே இருப்பதால் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள்.

அடுத்த தலைமுறைக்கு இவ்வளவு பாடில்லை. இளஞ்சிவப்புச் செடியின் மொட்டை மூடினால் போதும். பூ வாடிச் சுருளும்போது சூல்தண்டும் மகரந்தத்தாள்களும் சேர்ந்து சுருண்டு, தானே சேர்க்கை நடந்துவிடும். முதல் படியில் ஒரு மகரந்தத்தாள் தப்பினாலும் கெட்டது என்பதற்கும் இதுவே காரணம். மூடாத பூவுக்கு அந்தி நேரத்து அந்துப்பூச்சிகள் எங்கிருந்தோ மகரந்தம் கொண்டுவரும்.

அந்த இரண்டாம் தலைமுறையின் 40 செடியில் எதிர்பார்த்தபடி 10 சிவப்பு, 20 இளஞ்சிவப்பு, 10 வெள்ளை வராவிட்டால்?

கை சதுரம் என்ற கணக்கைப் போடுங்கள். கிடைத்தது 7, 22, 11 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் எதிர்பார்ப்பிலிருந்து விலகலை வர்க்கமாக்கி, எதிர்பார்ப்பால் வகுத்துக் கூட்டுங்கள்: 9/10, 4/20, 1/10, மொத்தம் 1.2. மூன்று வகை உள்ள கணக்கில் இது 5.99க்குள் இருந்தால் தற்செயல் விலகல் என்று விட்டுவிடலாம். இரண்டே வகை என்றால் வரம்பு 3.84. மெண்டலின் உருண்டை, சுருங்கிய விதைக் கணக்குக்கு இது 0.26 மட்டுமே. சதவீதத்தை வைத்து இந்தக் கணக்கைப் போடக்கூடாது. எண்ணிக்கையைத்தான் போட வேண்டும்.

இரண்டு பண்புகள் சேர்ந்தே போகுமா, தனித்தனியாகவா?

வேறு வேறு குரோமோசோமில் இருந்தால் தனித்தனியாக. மெண்டலின் இரு பண்புக் கலப்பில் 556 விதைகள் 315, 108, 101, 32 என்று பிரிந்தன; இரண்டு 3:1 தனித்தனியாக நடந்தால் வரும் 9:3:3:1க்கு இது மிக அருகில். மனிதரில் 23 ஜோடிகளும் இப்படித் தனித்தனியாகப் பிரிவதால் மட்டுமே ஒருவர் 83,88,608 விதமான இனச்செல்களை உருவாக்க முடியும்.

ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் சேர்ந்தே போகும்; இடையில் இழைகள் குறுக்கே துண்டு மாற்றிக்கொண்டால் மட்டும் பிரியும். தொலைவு கூடக்கூடப் பிரியும் வாய்ப்பும் கூடும். இந்த அளவை வைத்தே 1913இல் ஆல்ஃபிரட் ஸ்டர்டெவண்ட் பழ ஈயின் முதல் மரபணு வரைபடத்தை வரைந்தார். மெண்டலின் ஏழு பண்புகளும் ஏழு குரோமோசோமில் ஒன்றொன்றாக இருந்தன என்று பல நூல்களில் வருகிறது. அது உண்மையில்லை.

கலப்பின விதையிலிருந்து அடுத்த ஆண்டுக்கு விதை எடுத்தால் ஏன் ஏமாற்றுகிறது?

கம்பெனிக்காரர் விதையில் ஏதோ செய்துவிட்டார் என்ற பேச்சு ஊரில் உண்டு. தேவையே இல்லை, மெண்டலின் விதி தானாகவே அதைச் செய்கிறது. கலப்பின விதை என்பது இரண்டு தூய வரிசைகளின் முதல் தலைமுறை. அதனால் வயல் முழுக்க ஒரே சீர். பத்து மரபணுவில் மட்டும் அந்த இரு வரிசைகளும் வேறுபட்டாலும், இரண்டாம் தலைமுறையில் 59,049 விதமான மரபணு ஆக்கங்கள் சாத்தியம். கத்தரியில் ஒரு செடி உயரம், ஒன்று குட்டை. ஒன்றில் முள், ஒன்றில் முன்கூட்டியே காய்ப்பு. கலப்பால் வந்த கூடுதல் வீரியமும் பாதியாகக் குறைகிறது.

பொறுமை இருந்தால் அந்தக் குழப்பத்திலிருந்து தூய ரகம் எடுக்கலாம். தன் மகரந்தச்சேர்க்கையில் கலப்பு நிலை ஒவ்வொரு தலைமுறையும் பாதியாகும்: இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதம், மூன்றில் 25, ஆறில் 3.1, எட்டில் 0.8. பிடித்த செடியைத் தலைமுறைதோறும் தனியாக விதை எடுத்து, ஆறேழு பருவம் தள்ளினால் நிலைபெறும். ஒரே செடியில் எல்லா விதையையும் எடுத்துக் கலந்து கொட்டினால் இந்தக் கணக்கு பயனில்லை.

தீவன மக்காச்சோளத்துக்குப் பக்கத்தில் இனிப்பு மக்காச்சோளம் போடுவோருக்கு வேறொரு தொல்லை: தீவன மக்காச்சோள மகரந்தம் விழுந்தால் அந்த ஆண்டே, அந்தக் கதிரிலேயே, மணி மாவாகிவிடும். இனிப்பு ஒடுங்கு பண்பு. மணியின் உள்சதையில் தந்தையின் பங்கும் இருக்கிறது. பூக்கும் காலத்தை இரண்டு வாரமாவது தள்ளி விதைப்பதே எளிய வழி. (சோளத்தோடு இந்தத் தொல்லை இல்லை; அது வேறு இனம்.)

ஒடுங்கு பண்பால் பயிருக்கு நன்மை உண்டா?

ஐஆர்8 நெல்லே அப்படி வந்ததுதான். பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1962இல் இந்தோனேசியாவின் நெட்டை ரகமான பேட்டாவையும், தைவான் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென்னையும் சேர்த்தார்கள். முதல் தலைமுறை முழுக்க நெட்டை. அனுபவமில்லாதவர் அங்கேயே விட்டிருப்பார். இரண்டாம் தலைமுறையில் சுமார் 10,000 செடி வளர்த்ததில் கால்பங்கு குட்டை: ஒரே ஒடுங்கு மரபணுவின் கையெழுத்து. பின்தலைமுறையில் 288ஆம் வரிசையின் மூன்றாவது செடியிலிருந்து வந்ததே 1966இல் வெளியான ரகம். உரம் போட்டாலும் சாயாத தண்டு அதன் சிறப்பு.

அந்தக் குட்டைத்தனம் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தயாரிக்கும் பாதையில் ஒரு நொதி கெட்டதால் வந்தது. மெண்டலின் குட்டைப் பட்டாணியிலும் அதே பாதையில், அடுத்த படி நொதி ஒன்றில்தான் கோளாறு.

ஏ வகை அப்பாவுக்கும் பி வகை அம்மாவுக்கும் ஓ வகைக் குழந்தை பிறக்குமா?

பிறக்கும். இருவரும் மறைவாக ஓ அல்லீலைச் சுமந்தால் கால்பங்கு வாய்ப்பு. ஏ, பி இரண்டும் இணை ஓங்கு. சேர்ந்தால் இரண்டும் தெரியும், அதுவே ஏபி.

ஏபி பெற்றோருக்கு ஓ குழந்தை பிறக்காது என்பது பொது விதி. ஆனால் ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்துக் குடும்பத்தில் சந்தேகம் கிளப்புவதற்கு முன் "பாம்பே" வகையை நினைவில் வையுங்கள். 1952இல் அன்றைய பம்பாயில் கண்டறியப்பட்டது. ஏ, பி அடையாளங்கள் ஏறி நிற்கும் எச் என்ற அடித்தளமே இவர்களிடம் உருவாவதில்லை. அதற்குரிய மரபணுவின் இரு பிரதிகளும் வேலை செய்யாதவை. சாதாரணச் சோதனையில் ஓ என்றே காட்டும். இவர்களுக்கு ஓ ரத்தம் ஏற்றினால்கூட ஒவ்வாமல் உயிருக்கு ஆபத்து. சீரத்தை ஓ வகைச் செல்களோடு வைத்துப் பார்க்கும் எதிர்ச் சோதனையில்தான் பிடிபடும்.

அரிவாள் செல் நோய், தலசீமியா: "கடத்துநர்" என்றால் நோயாளியா?

இல்லை. இவை இரண்டும் ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினைப் பாதிக்கும் ஒடுங்கு நோய்கள். ஒரு பிரதி மட்டும் மாறியவர் கடத்துநர். அன்றாட வாழ்க்கையில் பெரும்பாலும் தொல்லையில்லை. இரு பிரதியும் மாறினால்தான் நோய். இருவரும் கடத்துநர் என்றால் ஒவ்வொரு கருவுக்கும் கால்பங்கு நோய், பாதி கடத்துநர், கால்பங்கு இரண்டுமில்லை.

அரிவாள் செல் மாற்றம் டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து: அடினின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின். ஹீமோகுளோபின் பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் உட்காருகிறது. இந்தியாவில் இது முதலில் 1952இல் நீலகிரி மலைமக்களிடம் பதிவானது. ஒற்றைப் பிரதி கடும் மலேரியாவிலிருந்து காப்பதால்தான் இந்த மாற்றம் சில பகுதிகளில் நிலைத்தது.

சோதனையில் தவறும் இடங்கள் சில உண்டு. எளிய கரைதிறன் சோதனை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையிடம் இல்லை என்று பொய் சொல்லக்கூடும். அப்போது கரு நிலை ஹீமோகுளோபின்தான் அதிகம். அந்தச் சோதனை கடத்துநரையும் நோயாளியையும் பிரித்துக் காட்டாது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி சோதனை வேண்டும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியவரிடம் எடுத்தால் கொடையாளியின் ரத்தத்தைத்தான் அளப்பீர்கள். மூன்று மாதமாவது பொறுங்கள். தலசீமியா கடத்துநரின் சிவப்பணு சிறிதாகவும், ஹீமோகுளோபின் ஏ2 3.5 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இந்த ஏ2 சற்று இறங்கி ஏமாற்றலாம். இரும்புச்சத்து மாத்திரைக்கு ரத்தம் ஏறாத சிறுசெல் சோகையில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

சொந்தத்தில் திருமணம் செய்தால் கட்டாயம் நோய் வருமா?

கட்டாயம் இல்லை, வாய்ப்பு கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. ஆகவே பயமுறுத்துவதைவிடக் கணக்கைச் சொல்வது மேல்.

பாட்டி ஒருவர் ஓர் ஒடுங்கு நோய் அல்லீலைச் சுமக்கிறார் என்று கொள்வோம். அது பேரனுக்கு வர கால்பங்கு, பேத்திக்கு வர கால்பங்கு. அத்தை மகளை மணந்தால் இருவரும் சுமக்க 16இல் 1. குழந்தைக்கு நோய் வர 64இல் 1. தாய்மாமனை மணந்தால் மாமனுக்கு அரைப்பங்கு, மருமகளுக்குக் கால்பங்கு, குழந்தைக்கு 32இல் 1. ஒரே பாட்டியின் ஒரே அல்லீலுக்கான கணக்கு இது. தாத்தாவுக்கும் தனிக் கணக்கு உண்டு. ஒவ்வொருவரும் இப்படிச் சில அல்லீல்களைச் சுமக்கிறோம். தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணந்திருந்தால் எண் இன்னும் ஏறும். குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு நோய் இருந்தால் திருமணத்துக்கு முன்பே மரபணு ஆலோசனைக்குப் போங்கள், கர்ப்பமான பிறகு அவசரம் கூடிவிடும்.

ஆண்களுக்கே அதிகம் வரும் நோய்கள் எப்படி?

எக்ஸ் குரோமோசோம் ஆணுக்கு ஒன்றுதான்; அதில் மாற்றம் இருந்தால் ஈடுகட்ட மறுபிரதி இல்லை. நிறக்குருடும் ஹீமோஃபிலியாவும் இவ்வகை. தந்தை தன் எக்ஸை மகனுக்குத் தருவதே இல்லை. மகள்கள் எல்லோருக்கும் தருகிறார். "அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த ஹீமோஃபிலியா" என்று யாராவது சொன்னால் தாய் வழியைத் தேடுங்கள். குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிய மாற்றமாக வருவதும் உண்டு. ஹீமோஃபிலியாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான்.

தாயிடமிருந்து மட்டும் வருபவை உண்டா?

உண்டு. மறுபடி அந்திமந்தாரைக்கே வருவோம். இலையில் வெள்ளைத் திட்டுள்ள செடியில் சில கிளை முழுப் பச்சை, சில முழு வெள்ளை. 1909இல் காரென்ஸ் கண்டது: எந்தக் கிளையின் பூவில் விதை எடுக்கிறீர்களோ அந்தக் கிளையின் நிறமே நாற்றுக்கு, மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் பொருட்டில்லை. இந்தப் பண்பு செல்லின் உட்கருவில் உள்ள குரோமோசோமில் இல்லை, பசுங்கணிகத்தில் இருக்கிறது. அது தாயின் சூலோடு மட்டும் வருகிறது. வெள்ளைக் கிளையின் நாற்று பச்சையமில்லாமல் சில நாளில் செத்துவிடும், தொட்டியை வீணாக்காதீர்கள். நம் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவும் இப்படித் தாய் வழிதான்.

உயரம், தோல் நிறம், நாக்கை மடிப்பது?

உயரத்திலும் தோல் நிறத்திலும் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகக் கூடுகின்றன. உயரத்தில் சாப்பாடும் சேர்கிறது. அதனால்தான் அவை கலப்பது போல் தோன்றுகின்றன. உள்ளே ஒவ்வொரு மரபணுவும் முழுசாகவே பிரிகிறது.

நாக்கை மடிப்பதை ஒற்றை மரபணுப் பண்பு என்று பல வகுப்புகளில் இன்றும் செய்துகாட்டுகிறார்கள். அப்படி முதலில் சொன்னவர் மேலே வந்த ஸ்டர்டெவண்ட்தான், 1940இல். ஆனால் ஒரே கருவில் பிறந்த ஒத்த இரட்டையரில் ஒருவர் மடிக்க, மற்றவரால் முடியாத ஜோடிகள் கண்டறியப்பட்டன. ஸ்டர்டெவண்டும் தன் கருத்தைக் கைவிட்டார். வகுப்பில் செய்துகாட்ட அந்திமந்தாரையே மேல். நாக்கு மடிக்காத பெற்றோரின் பிள்ளை மடித்துக் காட்டினால் அந்த வீட்டில் தேவையில்லாத கேள்வி எழும்.